வீட்டைத் தொட்டியில் போட்ட கீரி

ஒரு காட்டில் ஒரு கீரிக் குடும்பம் வாழ்ந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த வீட்டுக்குள் வாழ இடம் இருந்தால்தானே? மனைவி குமுதவல்லி நிறைமாதக் கர்ப்பிணி. கணவன் பெயர் நாகப்பன். கீரிக்கு எவன் நாகப்பன் என்று பெயர் வைத்தான் என்று கேட்காதீர்கள், குலதெய்வத்தின் பெயராம்.

நாகப்பனுக்குக் குடி கிடையாது, சூது கிடையாது. மனிதர்கள் சாலையோரம் எறிந்துவிட்டுப் போவதை வீட்டுக்கு இழுத்து வருவான், அவ்வளவுதான். கேட்டால், "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்பான். இப்படியே லாரி டயர்கள், செத்துப்போன பேட்டரிகள், பாதி தீர்ந்த பெயிண்ட் டப்பாக்கள், கதவில்லாத ஃபிரிட்ஜ் என்று வீடு கூரைவரை நிறைந்துவிட்டது. அடுப்படிக்குப் போக குமுதவல்லி ஒருக்களித்து நடப்பாள். வயிறு பெருத்த பிறகு அந்த வித்தையும் பலிக்கவில்லை.

"பிள்ளை பிறந்தா எங்கங்க படுக்க வைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"டயருக்குள்ள போட்டா உருளாம கிடக்குமே!" என்றான் நாகப்பன், யோசனை தோன்றிய மகிழ்ச்சியில்.

குமுதவல்லி நேராகப் போய் நரி பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். அவன் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டிகளை வாடகைக்கு விடுகிறவன். தொட்டியை லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவான். நிரப்பிக் கொடுத்தால் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

தொட்டி வந்து இறங்கியது. யானை இறங்கிக் குளிக்கலாம், அத்தனை பெரியது. குமுதவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் டயரை உருட்டி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க. டயர் போடக் கூடாது" என்றான் பொன்னுரங்கம்.

"ஏன்?"

"எரிச்சா ஊரெல்லாம் புகை. புதைச்சா பேய் மாதிரி மண்ணைக் கிளப்பிக்கிட்டு மேல வந்துரும். குப்பைக் கிடங்குல வாங்க மாட்டாங்க."

பேட்டரியைத் தூக்கி வந்தாள். "ஐயோ, அதுல அமிலம் இருக்கு." பெயிண்ட் டப்பா வந்தது. "ஈரம் காயலையே, ஆகாது." கடைசியில் ஃபிரிட்ஜை முக்கி முனகி வாசல்வரை நகர்த்தினாள்.

"அதுக்குள்ள வாயு இருக்குக்கா."

"எனக்குந்தான் வாயு இருக்கு. நின்னுக்கிட்டு வேலை செய்யலையா?" என்றாள் குமுதவல்லி.

நாகப்பனுக்கு மீசை துடித்தது. "பாத்தியா வல்லி? நான் கொண்டாந்ததுல ஒண்ணுகூட குப்பை இல்ல. குப்பைக்காரனே சொல்லிட்டான்!"

குமுதவல்லி பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினாள். "அப்ப எதைத்தான் அண்ணே போடலாம்?"

"கட்டில், மெத்தை, துணிமணி, மரச்சாமான், செங்கல், ஓடு, மண்ணு... தாராளமாப் போடுங்க."

கட்டிலும் மெத்தையும் அவள் தாய்வீட்டுச் சீதனம். அவள் வாய் திறப்பதற்குள் நாகப்பன் உள்ளே ஓடிக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். "வாடகைக்கு எடுத்துட்டு வெறுந்தொட்டியா அனுப்பினா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதை வேணாமா?"

குமுதவல்லி கணவனைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அண்ணே, ஆளைப் போடலாமா?"

"உசுரோட இருக்கிறது எதையும் போடக் கூடாதுக்கா. நிறைய பேர் கேட்டுட்டாங்க."

பெருமூச்சு விட்டாள். பிறகு, "செங்கல், ஓடுன்னீங்களே. எவ்வளவு போடலாம்?" என்றாள்.

"தொட்டி கொள்ற மட்டும்."

குமுதவல்லி ஏணியைக் கூரையில் சாய்த்தாள். பொன்னுரங்கம் பதறிப்போனான். "நிறைமாசத்துல ஏறாதீங்க, நான் ஏறுறேன்" என்று தானே மேலே போனான். அவன் ஓடுகளைப் பிரித்துக் கொடுக்க, இவள் வாங்கித் தொட்டியில் போட்டாள். பிறகு கடப்பாரையால் சுவர்களைத் தட்டினார்கள்.

கட்டிலைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே டயர்களை எண்ணிக்கொண்டிருந்த நாகப்பன் அண்ணாந்து பார்த்தான். "வல்லி! நம்ம வீட்டுல எங்கிருந்தோ வெளிச்சம் வருது!"

"வரட்டுங்க. இதுவரைக்கும் வந்ததே இல்லையே."

பொழுது சாய்வதற்குள் வீடு முழுவதும் தொட்டிக்குள் போய்விட்டது. விதிப்படி ஒரு குறையும் இல்லை. வெட்டவெளியில் நாகப்பனின் சொத்து மட்டும் வீட்டின் உருவத்திலேயே நின்றது. சுவர் இல்லாமலே நின்றது. அதன் உச்சியில் அவன் உட்கார்ந்திருந்தான். யாராவது திருடிவிடுவார்களோ என்ற கவலையில், மனைவி கட்டிலும் மெத்தையுமாக லாரியில் ஏறியதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஓடைக்கரையில் காலியாகக் கிடந்த ஒரு வளையில் பொன்னுரங்கம் அவளை இறக்கிவிட்டான். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. குமுதவல்லி கையைக் காலை நீட்டிப் படுத்தாள். எதுவும் இடிக்கவில்லை. அந்தச் சுகத்திலேயே கொஞ்ச நேரம் அழுதாள்.

சேதி கேட்டு நாகப்பன் ஓடி வந்தான். ஆனால் வாசலிலேயே நின்றான். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"என்னங்க அது பின்னால?"

"ஒண்ணுமில்ல வல்லி. வர்ற வழியில கிடந்துச்சு. ஒரே ஒரு டியூப்லைட்."

"எரியுமா?"

"எரியாது. இருந்தாலும் இருக்கட்டுமே, எதுக்காவது..."

"அதை வெளியில வச்சுட்டு உள்ள வந்து பிள்ளையைப் பாருங்க."

நாகப்பன் யோசித்தான். மழை தூறத் தொடங்கியது. உள்ளே குழந்தை அழுதது. அவன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தான்.

நீதி: குப்பையைப் போட வழியில்லாவிட்டால் வீட்டைப் போட்டுவிடுக; புருஷனைப் போடும் தொட்டி இன்னும் வாடகைக்கு வரவில்லை.