பந்தல்காரர் குடும்பத்தோடு ஒகேனக்கல் போன கதை

எழுபதுகளில் திருவண்ணாமலையில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் புரோகிதரை மறந்திருக்கலாம், சாப்பாட்டை மறந்திருக்கலாம், சில பெண்கள் மாப்பிள்ளையையே மறக்க முயன்றிருக்கலாம். தலைக்கு மேல் பந்தல் போட்டவரை மட்டும் மறந்திருக்க முடியாது. சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் போட்டோக்காரருக்குக் குறுக்கே புகுந்து, "இந்தக் கால் லேசா ஆடுது" என்று ஒரு கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ஊரில் பாதி ஆல்பங்களில் அவர் இருக்கிறார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் பந்தல்காரர். அவர் வீட்டுப் பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். நான் அப்போது பள்ளிக்கூட டீச்சர், என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் கிளார்க். குடிவந்த மறுநாளே பந்தல்காரர் தன் தடித்த மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்கள் துணி காயப்போடும் கொடியை உற்றுப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இந்தக் கொடி யாரு கட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்தாங்க."

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, காய்ந்துகொண்டிருந்த துணிகளோடு கொடியை அவிழ்த்து, புதிதாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். துணிகளை நான் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கொடி நாங்கள் வீட்டைக் காலி செய்யும்வரை ஒரு விரல்கூடத் தொய்யவில்லை.

அவர் மனைவி பத்மா அக்கா. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் கணவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளம் வரும் காலத்தில் ஒகேனக்கல் அருவியைக் குடும்பத்தோடு நின்று பார்க்க வேண்டும். நகை கேட்டிருந்தால்கூடச் சீக்கிரம் கிடைத்திருக்கும். முகூர்த்த மாதங்களில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ ஊருக்கு ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், அதற்கும் பந்தல் வேண்டும். "அடுத்த ஆடிக்குப் பாக்கலாம்" என்று பதினேழு ஆடியை ஓட்டிவிட்டார்.

பதினெட்டாவது ஆடியில் அவரே வந்து சொன்னார்: "இந்த வருசம் கூழ்ப் பந்தல் ஒண்ணுகூட ஒத்துக்கல. வெள்ளிக்கிழமை மத்தியானம் கெளம்புறோம், ஞாயித்துக்கிழமை திரும்பிடறோம். நீங்களும் வாங்க."

அக்கா என்னைத் தனியாக அழைத்தாள். "நீங்க அவசியம் வரணும் டீச்சரம்மா. வெளி மனுசங்க இருந்தா கூச்சப்பட்டுக்கினாவது நேரா போவாரு."

இப்படியாக நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், அவர்களுடைய இரண்டு பெண்கள், எல்லோரும் அவருடைய பழைய வேனில் ஏறினோம். ஏறினோம் என்று சொல்வது மரியாதைக்காக. வேனில் முக்கால்வாசி இடத்தில் சவுக்குக் கழியும் கயிற்றுச் சுருளும் ஜரிகைத் தொங்கல் வைத்த துணியும் இருந்தன. "லாட்ஜ் எதுக்கு? நான் கூரை போடறவன், இன்னொருத்தன் கூரைக்குக் கீழ படுக்கறதா?" என்றார்.

முதல் நாள் சாத்தனூர் அணை. பூங்காவையும் முதலைகளையும் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் வெளியே ஒரு மரத்தடியில் கூடாரம் போட்டு முடித்திருந்தார். கூடாரம் என்றா சொன்னேன்? அறுபது பேர் உட்காரலாம். வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம், மேலே மாவிலைத் தோரணம்.

"இதெல்லாம் எதுக்குண்ணா, நம்ம ஆறு பேருக்கு?" என்றேன்.

"மாவிலை இல்லாத பந்தல் சாவு வீட்டுக்குப் போடறது டீச்சரம்மா. பொம்பளைங்க கொழந்தைங்க தங்கற எடத்துல அப்படி உட முடியுமா?"

கொஞ்ச நேரத்தில் அணை பார்க்க வந்த ஒரு பெரியவர், "ஆடி மாசத்துல எவன்யா கல்யாணம் வெக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் பின்னால் அவர் குடும்பம். அவர்கள் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள். வந்து உட்கார்ந்தவர்களை எப்படி எழுப்புவது? மூன்று நாளைக்கென்று அக்கா கட்டி வந்த புளிசாதம் அந்த ஒரே பந்தியில் தீர்ந்தது. பெரியவர் கைகழுவிவிட்டு, மொய் எழுதுபவர் எங்கே என்று தேடினார்.

ஆடிக் காற்று அன்று பேயாக அடித்தது. என் வீட்டுக்காரரின் துண்டு அணைப்பக்கம் பறந்து போனது. கூடாரம் அசையவில்லை. காலையில் பந்தல்காரர் வேனைக் கிளப்பினார். ஒரு கயிற்றை வேனின் பின்பக்கம் கட்டியிருந்தது மறந்துவிட்டது. கூடாரம் வாழை மரங்களோடு எங்கள் பின்னாலேயே கிளம்பி வந்தது. மனிதர் இறங்கிப் பார்த்து, "பாத்தீங்களா, ஒரு முடிச்சாவது அவுந்துதா?" என்று பெருமைப்பட்டார்.

சனிக்கிழமை செங்கம் தாண்டியதும் வேன் நின்றது. சாலையோரம் ஓர் அம்மன் கோயில், மறுநாள் கூழுக்குத் தயாராக ஒரு பந்தல்.

"எவன் கட்டினது இது? ஊஞ்சல் மாரி ஆடுது. அஞ்சு நிமிசம் இருங்க" என்று வாயில் சணலைக் கவ்விக்கொண்டு இறங்கினார். அவர் கணக்கில் ஐந்து நிமிடம் என்பது ஒன்றரை மணி நேரம். அவர் ஆர்டர் எடுக்கவில்லைதான். ஆனால் மற்றவர்கள் எடுத்திருந்தார்களே. சிங்காரப்பேட்டை வரைக்கும் நான்கு பந்தல், ஊத்தங்கரை வரைக்கும் இன்னும் இரண்டு. யாரும் அழைக்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. வெளி மனுஷர் என்று அக்கா என்னைக் கூட்டி வந்தாளே, என்னைப் பார்த்து அவர் கூச்சப்படவேயில்லை. "டீச்சரம்மா, இந்த முனையைப் புடிங்க" என்றார்.

ராத்திரி ஊத்தங்கரையில் கூடாரம். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கும் அவர் நின்று நின்று பந்தலைச் சரிசெய்த ஊர்களெல்லாம் ஆளுக்கொரு சொம்பு கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்தன. என் வீட்டுக்காரர் நான்காவது சொம்புக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். மதியம் தாண்டியும் பென்னாகரத்தைத்தான் நெருங்கியிருந்தோம். மறுநாள் எனக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடம். இருட்டுவதற்குள் அருவியைப் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் அப்படியே திரும்ப வேண்டியதுதான். அக்கா ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்ப்பதும் மடியைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பென்னாகரம் தாண்டி ஒரு கிராமம். காற்று பந்தலை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. கூழ்ப் பானைகள் மேல் விழாமல் நாலு பேர் கழிகளைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார்கள். வேன் நின்றது.

"அஞ்சே நிமிசம்" என்றார் பந்தல்காரர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நீங்க பொறுமையா கட்டுங்க. பாவம், அவங்களும் இன்னா பண்ணுவாங்க. நாங்க பஸ்ல போய்ப் பாத்துட்டு வந்துடறோம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. பஸ்ஸும் நேரம் பார்த்தாற்போல வந்து நின்றது. நாங்கள் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் வாயிலிருந்த சணல் கீழே விழுந்திருந்தது.

அருவி என்றால் அப்படி ஓர் அருவி. பேசினால் காது கேட்காது. சாரலில் பெண்கள் இரண்டு பேரும் கூத்தாடினார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை ஒரு தடவை பார்த்தால், வந்த வழியை இரண்டு தடவை பார்த்தாள்.

"நல்லா இருக்குல்ல டீச்சரம்மா?" என்றாள், உப்பில்லாத பண்டத்தைப் பிறத்தியார் வீட்டில் சாப்பிட்டவள் போல. பதினெட்டு வருட ஆசை இப்படியா தீர வேண்டும் என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

அப்போது படிகளில் ஓர் ஆள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார். தோளில் கயிறு, இடுப்பில் கத்தி, உடம்பெல்லாம் கூழ். கூட்டம் பயந்து வழிவிட்டது.

அக்கா கேட்டாள்: "பந்தல் இன்னாச்சி?"

"மூணு கால் கட்டிட்டேன். நாலாவது காலை அவங்களே புடிச்சிக்கினு நிக்கிறாங்க" என்றார் மூச்சு வாங்க. "போய்த்தான் கட்டணும்."

எனக்குத் தெரிந்து, கட்டி முடிக்காத பந்தலை விட்டுவிட்டு அவர் வந்தது அது ஒரு தடவைதான். அக்கா அவர் கையைப் பிடித்துக் கம்பியோரமாக இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முதல் தடவையாக அருவியை முழுசாகப் பார்த்தாள்.

அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடியில் சாரல் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் காய்ந்த துணி அவர் உடம்பில் எங்கும் இல்லை. குனிந்து என் காதருகே கத்தினார்:

"டீச்சரம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. அவ சிரிக்கிறாளா, பாத்துச் சொல்லுங்க."

"சிரிக்கிறாங்கண்ணா" என்றேன்.

அது போதும் என்பதுபோலத் தலையாட்டினார். அருவி எப்படி இருக்கிறது என்று அந்த மனிதர் கடைசிவரை கேட்கவே இல்லை.