ப்ரீபெய்ட் அண்ணனின் ஒரே அவுட்கோயிங்

இந்தப் பூமியில் செல்போன் வாங்கி, அதில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சௌகரியமாகக் குடும்பம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் ப்ரீபெய்ட் அண்ணன்தான். நீலசந்திராவில் நான் குடியிருந்த காம்பவுண்டில் அடுத்த வீடு. லிஃப்ட் மெக்கானிக். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை.

இன்கமிங் இலவசமாகியிருந்த புதிது. காம்பவுண்டில் யார் கனெக்‌ஷன் வாங்கினாலும் அண்ணனிடம் யோசனை கேட்காமல் வாங்க மாட்டார்கள். நானும் கேட்டேன்.

"போஸ்ட்பெய்டுன்னா பேசி முடிச்சப்புறம்தான் பில்லு வந்து வயித்தைக் கலக்கும் தம்பி. ப்ரீபெய்டுல நம்ம வாயை நாமளே கட்டலாம்."

"அப்ப அதுல குறையே இல்லையாண்ணா?"

"ஏன் இல்ல? உள்ள காசு இருந்தாலும் வேலிடிட்டி முடிஞ்சா போன் செத்துடும். கார்டு போட்டே ஆவணும். ஆனா, போட்டா பேசணும்னு என்னா சட்டம்?"

பேசாமல் இருப்பதற்கு அவர் ஒரு முறையே வகுத்திருந்தார். ஒரு ரிங் வந்து கட் ஆனால் வேலையிலிருந்து கிளம்பிவிட்டார். இரண்டு என்றால் அண்ணி உலை வைக்கலாம். மூன்று என்றால் எங்கோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, காத்திருக்காமல் சாப்பிடலாம். காம்பவுண்டு முழுக்க இதைக் கற்றுக்கொண்டது. போன் அடித்தால் எடுக்க மாட்டோம், எண்ணுவோம்.

வினை அங்கேதான் வந்தது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த வாரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தலையெல்லாம் சோப்பு. கதவைத் தட்டினார்.

"தம்பி, ஏழு ரிங்கு வந்துச்சு. ஏழுக்கு நம்மகிட்ட அர்த்தமே இல்லியேப்பா!"

"எடுத்தீங்களாண்ணா?"

"எதுக்கு எடுக்கணும்? எண்ணினேன்."

துண்டோடு ஓடி வந்து பார்த்தேன். கம்பெனி நம்பரேதான். திருப்பிக் கூப்பிட என் போனில் பேலன்ஸ் இல்லை. வெட்கத்தை விட்டு அழுதேவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார். ரிங் போயிற்று. கட் பண்ணவில்லை. இந்த அதிசயத்தைப் பார்க்க அண்ணி அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், சொல்ப இரி, கட் மாட்பேடி! நம்ம தம்பி குளிச்சிட்டிருந்தான், தப்பு என்னோடது மேடம்!" கொஞ்சம் இருங்க, கட் பண்ணாதீங்க என்று கன்னடமும் தமிழுமாகக் கெஞ்சினார். ஆபரேட்டர் பெண் எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிட்டார். அது பாட்டுக்குக் கால்மணி நேரம் ஓடியது.

"இந்த மியூசிக்குக்கும் காசு போவுதா?" என்றார் அண்ணி.

"போவட்டும், நீ சும்மா இரு."

கடைசியில் இன்னொரு பெண் குரல் கேட்டது. அண்ணன் போனை என் காதில் வைத்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்து வேலையில் சேரச் சொன்னார்கள். நான் நன்றி சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மாதக்கணக்கில் சேர்த்த பேலன்ஸ் மொத்தமும் காலி.

ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை கெடைச்சிடுச்சில்ல? போய் சோப்பை அலசிட்டுத் தலையைத் துவட்டுடா, சளி புடிச்சுக்கும்" என்றார்.

கூடப்பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.