இடிமுழக்கம் பேசிய வீடியோ

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை முக்கியம். வரிசை தவறினால் குற்றவாளி தப்பிவிடுவான் என்பது என் அனுபவம்.

முதலாவது, தேயிலைத் தோட்ட நிர்வாகம் செய்தது. அந்தக் காலத்தில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஆட்களின் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். காதில் விழாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பெயரை உரக்கப் படி, நாலு பேர் சாட்சியாகப் படி, படித்த பெயருக்கு ஆள் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னவனுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நான் போராடினேன். வென்றேன். மறுநாள் காலை எல்லாப் பெயரையும் உரக்கப் படித்தார்கள், என் பெயரைத் தவிர. அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது, எங்கள் தொழிற்சங்கத் தலைவர் செய்தது. என் பெயரைத் திரும்பப் பதிய வைப்பதாகச் சொல்லி பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். ஜீப்பில் திரும்பி வந்தார். என் பெயர் வரவில்லை.

மூன்றாவது, ஜனங்கள் செய்தது. 'இடிமுழக்கம்' என்ற பெயரில் நான் எழுதி, பதுளையில் அச்சடித்துக் கொண்டுவந்த துண்டுப் பிரசுரங்களை மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். படிக்கவில்லை. கடைசி மைல்கட்டைச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஜஸீல் வடை சுற்றக் கேட்டார். "தாளு நல்ல தாளு அண்ணே, எண்ணெய் ஊறாது" என்றார். என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

நான்காவது, ஒரு வீடியோ செய்தது. இதை மட்டும் சிரிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மகன் அஜந்தன் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தான். கொழும்பில் ஹோட்டல் வேலை. கண்ணாடிக் கதவு, தொங்கும் விளக்கு, டை கட்டிய பையன்கள், கீழே ஒரு நம்பர். போனான். போன இடத்தில் ஹோட்டல் இன்னும் கட்டி முடியவில்லை. கட்டுகிற வேலைக்குத்தான் ஆள் பிடித்திருந்தார்கள். சுவரில்லாத மாடியிலிருந்து விழுந்தான். வேனில் கொண்டுவந்தார்கள். கைபேசியும் கூடவே வந்தது, கண்ணாடி கீறலோடு. இப்போது அவன் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் சவுக்கு மரங்களுக்கு அடியில் இருக்கிறான். அவன் அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

ஐந்தாவது, அந்த அம்மா செய்தது. நல்லம்மா. என் மனைவி. இந்தக் கதை அதைப் பற்றியது.

என் பெயரை வெட்டிய அன்று நான் ஒரு சபதம் செய்தேன். எல்லோர் முன்னாலும் என் பெயரை உரக்கப் படிக்கும்வரை கம்பனியின் ஒரு செடியையும் தொடமாட்டேன். தொடவில்லை. பண்டாரவளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். ஊர்வலம் போனேன். சிறைக்கும் போனேன். ஆனால் தோட்டத்து வீட்டில் குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு பெயராவது தோட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பதிந்த பெயர் நல்லம்மா. ஆக, நான் புரட்சி செய்தேன்; அவள் கொழுந்து பறித்தாள். வேலைப் பிரிவினை என்று அதற்குப் பெயர்.

ஒரு நாள் ஜஸீல் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

"அண்ணே, ஒங்க வீட்டம்மாவப் பாத்தேன்."

"எங்க?"

"ஃபோன்ல. நல்லா சிரிக்கிறாங்க."

காட்டினார். பனிமூட்டம், பாட்டு, பறவை பார்ப்பதுபோல் மேலிருந்து எங்கள் மலை. அப்புறம் தோட்டத்து ஃபீல்ட் ஆபிசர் சுரேன். மீசை சரியாக முளைக்காத வயது, கறுப்புக் கண்ணாடி. 'நம்ம தோட்டம் நம்மளக் கூப்புடுது! பயோடேட்டா வேணாம், சிபாரிசு வேணாம். நீங்க யாரு, என்ன வேல தெரியும்னு சின்னதா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. பழைய ஆளுங்களும் வரலாம்!' இளசுகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மலையில் ஆளில்லை. கம்பனி கைபேசியில் ஆள் பிடிக்கிறது. சுரேனுக்குப் பின்னால், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நல்லம்மா.

சிரித்துக்கொண்டிருந்தாள். அஜந்தன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கம்பனி பார்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சிரிச்ச?"

"சிரிக்கச் சொன்னாங்க."

"அழச் சொன்னா?"

"அதுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லைங்க."

பதில் கிடைக்காதபோது நான் சொற்பொழிவு செய்வது வழக்கம்.

"நல்லம்மா, கேட்டுக்க. அந்தக் காலத்துல கங்காணி கப்பல் ஏறித் திருச்சிப் பக்கம் போய் ஆள் புடிச்சான். இப்ப கங்காணி நம்ம சட்டப் பையிலயே குடியிருக்கான். பாட்டுப் போடுறான், படம் காட்டுறான். ஒலகத்துலயே கேவலமான தொழில் ஆள் புடிக்கிற தொழில்தான்! அந்தக் கங்காணிப் பரம்பரையை வேரோட..."

"இடிமுழக்கம், சோறு ஆறுது."

சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் மகத்தான முடிவுக்கு வந்தேன். பிரசுரக் காலம் முடிந்தது. எதிரியின் ஆயுதத்தை எதிரிக்கே திருப்ப வேண்டும். நானும் ஒரு வீடியோ போடுவேன். ஆள் பிடிக்கும் வீடியோக்களை நம்பாதே என்று அந்த வீடியோவில் முழங்குவேன்.

நல்லம்மா எதிர்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்ப்பில்லாமல் எனக்குப் பேச வராது.

"செய்ங்க" என்றாள். "நானே புடிக்கிறேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"புள்ள சொல்லிக் குடுத்திருக்கான். எடுக்க, வெட்ட, ஒட்ட, எல்லாம்."

அஜந்தனின் கைபேசியை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். கீறல் விழுந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. பேச ஆரம்பித்தேன்.

"உழைக்கும் மக்களே..."

"நில்லுங்க. மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாதில்ல?"

நியாயம். "நான் காத்தமுத்து! இந்த மலையில பொறந்தவன்!"

"என்ன வேல தெரியும்னு சொல்லுங்க. வேல தெரியாதவன் பேசுறான்னு நெனச்சுருவாங்க."

"என்ன வேல தெரியாது எனக்கு? கவ்வாத்து வெட்டுறதுல இந்தப் பிரிவுல எனக்கு நிகர் எவன் இருந்தான்? செடியப் பாத்தாலே எங்க வெட்டணும், எத விடணும்னு கை சொல்லும்!"

"கத்தியக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னா இன்னும் நல்லாருக்கும்."

கூரைக்கடியில் செருகிவைத்திருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். துரு இல்லை. பளபளவென்று தீட்டியிருந்தது. எப்போது தீட்டினாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் என் தோற்றத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு செடிய வெட்டிக் காட்டுங்க."

"சபதம் இருக்கே!"

"இது கம்பனிச் செடி இல்லங்க. நம்ம வேலியோரம் தானா மொளச்சது."

வெட்டினேன். கை மறக்கவில்லை. கிளை ஒரே வீச்சில் சரிவாக, சுத்தமாக விழுந்தது. எனக்கே கண் கலங்கியது.

"இந்த வயசுல மலை ஏறுவீங்களா?"

"ஏறுவேனாவா? எந்த மலைன்னு சொல்லு!"

"கட்டுப்பாடா நடப்பீங்களா?"

"கட்டுப்பாடு இல்லாதவன் போராளியே இல்ல! என் பேரைச் சத்தமா படிக்கட்டும், மொத ஆளா வந்து நிக்கிறேன்!"

அதற்குப் பிறகுதான் ஆள்பிடிப்பவர்களைக் கண்டித்து உண்மையான உரையை ஆற்றினேன். அஜந்தனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நல்லம்மா கைபேசியைக் கீழே இறக்கியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பகுதியை அவள் படம் பிடிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

"போட்டாச்சா?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"போட்டாச்சு."

"எத்தன பேரு பாத்தாங்க?"

"பாக்க வேண்டியவங்க பாத்துட்டாங்க."

அந்த வாரம் முழுவதும் நிமிர்ந்து நடந்தேன். சந்தியில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஜஸீல் வடைக்குக் காசு வாங்க மறுத்தார். "கலக்கிட்டீங்க அண்ணே. கத்திய வீசுனீங்களே, அதுதான் அண்ணே!" என்றார். கத்தியைப் பாராட்டுகிறார், கருத்தைப் பாராட்டவில்லையே என்று சின்ன வருத்தம்.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போது நல்லம்மா எழுப்பினாள். வெந்நீர் வைத்திருந்தாள். வெள்ளைச் சட்டை தேய்த்துத் தொங்கியது.

"பெரட்டுக்கு வாங்க. ஒங்க வீடியோவுக்கு இன்னைக்குப் பதில் சொல்றாங்களாம்."

போனேன். வாலிபத்தில் பெயர் வெட்டப்பட்டு நான் வெளியேறிய களம். அன்று என்னை வெட்டியவர்கள் ஒருவர்கூட இப்போது இல்லை. செத்தார்கள், ஓய்வெடுத்தார்கள், மாறிப்போனார்கள். என்னைப் பார்த்துக் கோபப்படக்கூட அங்கே ஆளில்லை. எதிரி இல்லாத களத்தில் நிற்பதைப்போல் ஒரு தனிமை கிடையாது. நல்லம்மா எனக்குப் பின்னால் மெதுவாக வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் படியில் உட்கார்ந்தாள்.

புது முகங்கள் சில நின்றன. ஒருவன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"அண்ணே! நான் துஷாந்த். வெலிமடையில லீக்ஸ் மரக்கறித் தோட்டத்துல கூலிக்கு நின்னோம். ஒங்க வீடியோ பாத்துட்டுத்தான் எல்லாரும் கெளம்பி வந்தோம்."

என் வாழ்நாளில் என் பேச்சைக் கேட்டு யாரும் புறப்பட்டு வந்ததில்லை. அவனைக் கட்டிக்கொண்டேன்.

"தோழரே! ஒண்ணா நிப்போம். எங்க ஆரம்பிக்கலாம் சொல்லு!"

"நீங்கதாண்ணே சொல்லணும். எந்த மலையில மொதல்ல வெட்டணும்?"

"எதை வெட்டணும்?"

"தேயிலையத்தாண்ணே."

அவன் கைபேசியை நீட்டினான். நான்தான். கத்தி வீசுகிறேன். பின்னணியில் நாதஸ்வரம். 'நான் காத்தமுத்து! இந்த மலையில பொறந்தவன்! என்ன வேல தெரியாது எனக்கு? எந்த மலைன்னு சொல்லு! மொத ஆளா வந்து நிக்கிறேன்!' கீழே எழுத்து ஓடுகிறது. 'நீங்களும் வாங்க!' கம்பனியின் நம்பர்.

நான் ஆள் பிடித்திருக்கிறேன். திருச்சி வரை போன கங்காணிகூடக் கப்பல் ஏறினான். நான் வேலியோரத்தில் நின்றே பிடித்திருக்கிறேன்.

அதற்குள் சுரேன் மேடையேறினான். அவன் கைபேசி ஒரு முக்காலியில் நின்று எங்களை நேரடியாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் எதையோ வாய்க்குள் படித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. பழக்கதோஷம்.

"சத்தமா படி! நாலு பேரு சாட்சியா படி!"

களம் அதிர்ந்தது. சுரேன் திடுக்கிட்டு, உரக்கப் படித்தான்.

"நல்லம்மா. முழங்கால் கோளாறு. சொந்த விருப்பத்துல வேலையிலருந்து விலகுறாங்க."

திரும்பினேன். அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது நல்லம்மா?"

"பதுள ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இனி மலை ஏற ஏலாதாம்."

"எப்ப போன? எனக்குத் தெரியாதே!"

"ஊர்வலம்னு நீங்க பண்டாரவளைக்குப் போனீங்களே, அன்னைக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா போராட்டம் நடத்துவீங்க. முழங்காலு யாருக்குங்க பயப்படும்?"

எனக்கு வந்ததெல்லாம் ஒரு கேள்விதான்.

"அப்ப வீடு?"

"அதுக்குத்தான் ஒரு பேர் வேணும். வீட்டுல இருந்தது ரெண்டு பேரு. ஒண்ண இப்பத்தான் வெட்டுனாங்க."

"நான் கம்பனிக்கா? நானா?"

"வீட்ட விட்டா அஜந்தன விட்டுட்டு எங்கங்க போறது?" அவள் குரல் உயரவில்லை. "ஒரு வீடியோ அவனக் கூட்டிட்டுப் போயிருச்சு. ஒரு வீடியோவாவது நம்மள அவன்கிட்ட வச்சிருக்கட்டும்."

சவுக்கு மரங்கள் அங்கிருந்தே தெரிந்தன. எனக்குத் தெரிந்த தத்துவம் எல்லாவற்றிலும் தேடினேன். எதிர்வாதம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வழி பாக்கியிருந்தது. மெல்ல நழுவிவிடலாம். பெயரைப் படிக்கும்போது ஆள் இல்லாவிட்டால் பெயர் விழுந்துவிடும். அந்தச் சட்டத்தை என்னைவிட அறிந்தவன் யார்? துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரடி பின்வைத்தேன்.

யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தார்கள். நல்லம்மா. ஒரு கையால் தூணைப் பிடித்து, வலியில் பல்லைக் கடித்து எழுந்து நின்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவள், என் கோஷத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் வாயால் எழுப்பினாள்.

"சத்தமா படிங்க ஐயா! நாலு பேரு சாட்சியா படிங்க!"

களம் முழுக்க என் பக்கம் திரும்பியது. வெலிமடைக்காரர்கள் கைதட்டினார்கள். சுரேன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மலை கேட்கப் படித்தான்.

"கவ்வாத்துக் கங்காணி, நல்லம்மா புருஷன் காத்தமுத்து!"