கருணைக் கப்பலும் சரோஜினி டீச்சரின்ர உயிரும்

கொழும்புத் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. பேர் ‘கருணை அலை’. சும்மா கூத்தடிக்கிற உல்லாசக் கப்பல் எண்டு நினைக்கக் கூடாது, தொண்டுக் கப்பல். வெள்ளைக்காரப் பிள்ளையள் ஆயிரக்கணக்கில டொலர் கட்டி ஏறுவினம். காலமை நீச்சல், மத்தியானம் ஏழைகளுக்கு உதவி, பின்னேரம் திரும்பவும் நீச்சல். வெளிநாட்டில இப்ப அதுதானாம் பாஷன். எங்கட சனம் மட்டும் குறைவோ, போன வருஷம் முழுக்க உடம்புக்கு நல்லதெண்டு கறுப்பு அரிசிக்குப் பின்னால அலைஞ்சதுகள்தானே. அது கிடக்கட்டும்.

கொழும்புக்கு ஒதுக்கின உதவி ‘ஆங்கிலம் அறியா முதியோருக்கு ஆங்கிலம் கற்பித்தல்’. இருபது முதியோர் வேணும். ஆள் பிடிக்கிற வேலை, தொண்டர் இணைப்பு அலுவலர் நாகேந்திரத்தின்ர தலையில விழுந்தது. கப்பலுக்கு முதல் அப்பிடி ஒரு பதவியே இருக்கேல்ல. கப்பல் வருகுதெண்டவுடன பதவி, மேசை, மேசைக்கு மேல ஒரு கண்ணாடி எல்லாம் வந்திட்டுது.

மனுசன் வெள்ளவத்தை மாடிவீடுகள், பிளட் பிளட்டா ஏறி இறங்கினார். இங்கிலிஷ் தெரியாது எண்டு சொல்ல ஒரு சனம் இல்லை. நாலாம் மாடி நவரத்தினம், மகன் லண்டனால அனுப்பின சேவிங் கிறீமில பற்பசையெண்டு ஒரு மாசம் பல்லு மினுக்கின மனுசன். வாயெல்லாம் புண்ணாகிக் களுபோவில ஆசுப்பத்திரி வரைக்கும் போய் வந்தவர். அவரே கதவைத் திறந்து, “ஐ நோ, ஐ நோ” எண்டு சொல்லிப்போட்டுச் சாத்தினார்.

அந்தக் கிழமைதான் சரோஜினி டீச்சர் நாகேந்திரத்தின்ர கந்தோருக்குப் போனவ. முப்பத்திநாலு வருஷம் இங்கிலிஷ் படிப்பிச்சு ரிட்டயர் ஆன மனிசி. ஆள் இன்னும் சாகேல்ல எண்டு வருஷா வருஷம் ஒரு உத்தியோகத்தர் சைன் வைச்சுக் குடுத்தால்தான் பென்சன். இந்த வருஷம் அந்த அதிகாரம் நாகேந்திரத்திட்ட. எங்கயோ கண்ட முகமா இருக்கே எண்டு டீச்சர் யோசிச்சா. ஞாபகம் வரேல்ல.

“டீச்சர், ஒரு சின்ன உதவி. உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது எண்டு இந்தப் போமில சைன் வையுங்கோ.”

“எனக்கோ? தம்பி, நான் இங்கிலிஷ் டீச்சர்.”

“அதாலதான் கேக்கிறன். தெரியாத ஆக்கள் சொல்ல வெக்கப்படுகினம். தெரிஞ்ச உங்களுக்கு என்ன வெக்கம்?”

நியாயம் சரியாத்தான் இருந்தது.

“அப்ப, நான் உயிரோட இருக்கிறதுக்கு?”

“வகுப்பு முடிய வாங்கோ. உடன சைன்.”

கீழ்வீட்டு ஜவாஹிறா கேட்டு நெஞ்சில கைவைச்சா. “அல்லாவே! நீங்க போய் ஏ பீ சீ டீ படிக்கிறதா டீச்சர்?”

“என்ன செய்யிறது ஜவாஹிறா, உயிர் முக்கியமெல்லே.”

வகுப்பு கொட்டாஞ்சேனையில ஒரு ஹோலில. ஆங்கிலம் அறியா முதியோர் இருபது பேரும் வந்திருந்தினம்: வங்கி மனேஜர்மார் ரெண்டு பேர், கோட்டில மொழிபெயர்த்த ஒருத்தர், வழக்குப் பேசின அப்புக்காத்து சாந்தகுமார், இப்பிடி. வாசல்ல பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்ட வரவேற்புக் குழுத் தலைவர், வேற ஆர், நவரத்தினம்.

படிப்பிக்க வந்த பிள்ளைக்குப் பேர் ஹெதர். பத்தொம்பது வயசு இருக்கும். படம் காட்டி, “அப்பிள்” எண்டா. இருபது பேரும் “அப்பிள்” எண்டினம். அப்புக்காத்து வேணுமெண்டே தடுமாறி, பாவமெண்டு ஹெதரிட்ட ஒரு ஸ்டிக்கரும் வாங்கினார். டீச்சர் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தா.

தேத்தண்ணி நேரம் வினை வந்தது. ஹெதர் ஒரு மட்டன் ரோல்ஸைக் கடிச்சா. உள்ளுக்குப் பச்சை மிளகாய். பிள்ளை சிவந்து, தண்ணியை மடக்கு மடக்கெண்டு குடிச்சு, மூச்சுத் திணறுது. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம், ஒருத்தருக்கும் இங்கிலிஷ் தெரியாதெல்லே! டீச்சருக்கு மனசு கேக்கேல்ல.

“மகள், தண்ணியை வையும். இன்னும் எரியும். இந்த வாழைப்பழத்தைக் கடியும். மூச்சை மெதுவா விடும்.” அவ்வளவும் இங்கிலிஷில, ஒரு பிசகில்லாமல்.

 நாகேந்திரத்துக்கு வேர்த்து ஓடுது. ஹெதர் கண்ணீரைத் துடைச்சுக்கொண்டு கத்தினா: “நாப்பது நிமிஷம்! நாப்பது நிமிஷத்தில நான் படிப்பிச்சுப்போட்டன்!”

போட்டோ எடுத்தாச்சு. ‘ஆரம்ப நிலை, சித்தி’, அதாவது பாஸ் எண்டு தங்க நங்கூரச் சீல் குத்தி இருபது பேருக்கும் சேர்ட்டிபிக்கட் குடுத்தாச்சு. கப்பல் கம்பனி மேலிடம் அறிக்கையை வாசிச்சது. நாப்பது நிமிஷத்தில கிழவிக்கு இங்கிலிஷ் வந்திட்டுதெண்டால், இனி அங்க போய் என்ன செய்யிறது? தேவை பூர்த்தி. அது கப்பலின்ர மூண்டாவது பயணம். நாலாவது இல்லை, கம்பனியையே மூடிப்போட்டினம்.

நாகேந்திரத்தின்ர பதவி மட்டும் போகேல்ல. ‘தொண்டர் இணைப்பு (முடிவுறுத்தல்) அலுவலர்’ எண்டு நீண்டிட்டுது. டீச்சர் சைன் கேட்டுப் போனா.

“ஒரு சிக்கல் டீச்சர். பென்சன் பைலில நீங்கள் இங்கிலிஷ் ஆசிரியை. என்ர பைலில உங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆகவே ரெண்டு சரோஜினிதேவி. எவ உயிரோட இருக்கிறா எண்டு நான் எப்பிடி உறுதிப்படுத்திறது?”

டீச்சர் டிகிரியை எடுத்து நீட்டினா.

“இது பழசு.”

கப்பல் சேர்ட்டிபிக்கட்டை நீட்டினா. நாகேந்திரம் எழும்பி நிண்டிட்டார்.

“வெளிநாட்டுச் சீல்! சரி, தெரியும் எண்டு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் போன மாசத்திலயிருந்துதான். அப்ப அதுக்கு முதல் உங்களிட்டப் படிச்ச எல்லாரின்ர ஆங்கிலத் தகைமையும் சந்தேகத்துக்குரியது. பெயர்ப் பட்டியல் தேவை.”

எண்டு சொல்லி, பேனை மூடியைக் கடிச்சார். அந்தக் கடியில டீச்சருக்கு எல்லாம் ஞாபகம் வந்திட்டுது.

“எழுதும் தம்பி. எண்பத்தொம்பதாம் ஆண்டு, எட்டாம் வகுப்பு பி, கடைசி வரிசை வாங்கு. நாகேந்திரம்.”

பேனை அப்பிடியே நிண்டது. பிறகு பென்சன் போமை இழுத்து ஒரு சைன் வைச்சார். டீச்சர் உயிரோட இருக்கிறா.

வாசல் வரைக்கும் கூட வந்து, மெல்லக் கேட்டார்: “டீச்சர்... அந்தச் சேர்ட்டிபிக்கட்டில, பேரை மட்டும் மறைச்சு, ஒரு போட்டோக் கொப்பி...”

கப்பல் சேர்ட்டிபிக்கட் குடுத்தது இருபது. இண்டைக்கு வெள்ளவத்தையில பிளட்டுக்கு ஒண்டு தொங்குது. நவரத்தினத்தின்ர ‘உயர் நிலை’. டீச்சரின்ரயும் வீட்டு ஹோலில தொங்குது, டிகிரிக்கு மேல. சும்மா, ஆணி அங்க இருந்ததாலயாம்.