நகத்தில் மை, வயிற்றில் பூச்சி

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் வயிற்றில் பூச்சி இருந்தது. சிங்க ராஜாவுக்கும் இருந்தது, ஆனால் அதைப் பேசினால் தலை இருக்காது. பூச்சி வராமல் என்ன செய்யும்? ஓடையின் மேல்பக்கம் ஒதுங்கிவிட்டு, நாலடி கீழே வந்து அதே தண்ணீரைக் குடிக்கிற கூட்டம். இந்தக் காட்டுக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் எத்தனையோ காடுகளில் இதே கதைதான்.

அங்கே பவுனு என்று ஒரு முயல். அவளுக்கு மல்லி என்று ஒரே மகள். மல்லி மூன்று வேளையும் வளைத்துக் கட்டித் தின்றாள். வயிறு பானையாக முன்னால் வந்ததே தவிர, கைகால் குச்சியாகவே இருந்தது. தின்றதெல்லாம் உள்ளே குடியிருந்தவர்களுக்குப் போனது. நாக்கு வெளுத்துவிட்டது. பத்தடி ஓடினால் மூச்சு வாங்கியது. ஓட முடியாத முயல் என்ன ஆகும் என்று பவுனுக்குத் தெரியும், மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்த பருந்துக்கும் தெரியும். மகளைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

அப்போதுதான் ராஜா உத்தரவு போட்டார். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பூச்சி மாத்திரை. சாப்பிட்டவர் நகத்தில் அழியாத மை. பொறுப்பு, சுகாதார ஆய்வாளர் நரி சபாபதி.

சபாபதி கெட்டிக்காரர். மாத்திரையைச் சப்பி விழுங்க ஆளுக்கு இரண்டு நிமிடம், மை வைக்க இரண்டே நொடி. நீண்ட வரிசையைப் பார்த்ததும் அவருக்கு யோசனை வந்தது.

"முதல்ல மையை முடிச்சிடுவோம். மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம்."

யானை முதல் எலி வரை மை வைத்து, தன் நகத்திலும் ஒன்று இழுத்துக்கொண்டார். நூற்றுக்கு நூறு என்று அறிக்கை போனது. மனுஷர், மன்னிக்கவும், நரி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாள் பவுனு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "சார், மாத்திரை குடுக்கலையே."

"சாப்பிட்டாச்சேம்மா. நகத்துல மை இருக்கே."

"மை வெச்சது நீங்க. மாத்திரை அப்புறம்னு சொன்னதும் நீங்கதான்."

"மறுபடி குடுத்து ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றபடி சபாபதி தன் பின்பக்கத்தை மரத்தில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார்.

"உங்களுக்கும் பூச்சி இருக்கு போல, சார்."

"எனக்கா? அதான் மை வெச்சிருக்கேனே."

"இந்த மை எப்போ சார் போகும்?"

"நகம் வளர்ந்தா தானா போயிடும்."

சாப்பாடெல்லாம் பூச்சிக்குப் போனால் நகம் எதைத் தின்று வளரும்? பவுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அதிகாரி ஆயிற்றே, மனசுக்குள்ளேயே திட்டினாள்.

மீந்த மாத்திரையை யாராவது பார்த்தால் வம்பு என்று சபாபதி அலுவலகத்துக்குப் பின்னால் அதைப் புதைத்தார். முயல் இருக்கிற ஊரில் எதையாவது புதைக்கலாமா? பவுனு மோப்பம் பிடித்து, சுரங்கம் தோண்டிப் போய் எடுத்துவந்தாள். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டாள். "எங்களுக்குத்தான் மை வெச்சாச்சே" என்று நகத்தைக் காட்டினார்கள். சரி, உங்கள் தலையெழுத்து என்று தாயும் மகளும் ஆளுக்கொன்று சப்பினார்கள். அடுத்த நாள் புதருக்குப் பின்னால் மல்லி போட்டதைப் பார்த்துச் சாணி வண்டே ஓட்டம் பிடித்தது. அன்றிலிருந்து குழி தோண்டி மூடுவது, ஓடையின் உச்சியில் போய்த் தண்ணீர் எடுப்பது என்று பவுனு கறாராகிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து சபாபதி வீடு வீடாக நகம் பார்க்க வந்தார். எல்லார் நகமும் வளராமல், மை வைத்தபடியே இருந்தது. மல்லிக்கும் பவுனுக்கும் மட்டும் நகம் வளர்ந்து மை போயிருந்தது.

"மாத்திரை சாப்பிடாதது இந்த ரெண்டு பேர்தான். காட்டுல இன்னும் பூச்சி இருக்கறதுக்கு இவங்கதான் காரணம்" என்றார் சபாபதி. பானை வயிற்றுக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டி, துரத்தக் கிளம்பினார்கள்.

மல்லி ஓடினாள். புதர் தாண்டி, ஓடை தாண்டி, பருந்தின் நிழலையும் தாண்டி ஓடினாள். துரத்தியவர்கள் மூச்சு வாங்கி ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து, அந்தத் தண்ணீரையே அள்ளிக் குடித்தார்கள். பவுனுக்கு வீடும் போயிற்று, ஊரும் போயிற்று. மகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துச் சந்தோஷம் தாங்காமல் அவளும் பின்னாலேயே ஓடினாள்.

நீதி: உடம்பு தேறலாம், தப்பில்லை. நகம் மட்டும் வளரக் கூடாது.