நாற்பத்திரண்டு இடத்தில் நான் செய்த திருத்தம்

பேரன்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்வாறே இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம், உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

நேற்று ஒத்திகையில் நீங்கள் தலைகுனிந்ததற்குக் காரணம் நான். நீங்கள் கையால் எழுதிய இசையைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று வலியப்போய் வாங்கியவன் நான்தானே? அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. முதல் பக்கம் சுகமாகத்தான் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் நாலு சுரம் கொள்ளும் இடத்தில் ஐந்தை எழுதி, மேலே அடைப்புப் போட்டு 5 என்று குறித்திருந்தீர்கள். ஐந்தாவதை அடித்தால் அது அடுத்த கட்டத்துக்குள் வழிகிறது, அங்கிருந்தது அதற்கடுத்த கட்டத்துக்கு ஓடுகிறது, பக்கமே குடி பெயர்கிறது. எங்கள் அச்சகத்தில் வார்த்தைக்கு மேல் அடைப்பும் எண்ணும் இருந்தால், 'சந்தேகம், சரிபார்' என்று பொருள். ஓகோ, மாப்பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி ஐந்தாவதை எடுத்துவிட்டேன். ஏழு இருந்த இடத்தில் மூன்றை எடுத்தேன். இப்படி நாற்பத்திரண்டு இடம். உங்கள் அத்தையிடம், "மாப்பிள்ளை தங்கமான மனுஷன், என்ன, எண்ணத்தான் தெரியல" என்று வேறு சொன்னேன். எழுதும்போதே கூசுகிறது.

ஒத்திகையில் அந்த வயலின்காரப் பெண் வில்லை இறக்கிவிட்டு, "சார், இது நீங்க எழுதினதுதானா? குழந்தைங்க பாட்டு மாதிரி இருக்கே" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் காகிதத்தைப் பார்த்தீர்கள், கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தீர்கள். "என் தப்புதான். சரியாப் பார்க்காம விட்டுட்டேன்" என்றீர்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குனிந்து ஷூ கயிறு கட்டுவதுபோல் பாவனை செய்தேன். காலில் இருந்தது செருப்பு.

வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் கேட்டேன். "அப்பா, அது சந்தேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு பேர் உட்கார்ற பெஞ்சுல அஞ்சு பேர் நெருக்கி உட்கார்றாங்க, அவ்வளவுதான். பெஞ்சு அதே பெஞ்சு" என்றாள். அந்த மென்பொருளில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அழுத்தி 5 என்று சொன்னால், ஐந்தும் சமர்த்தாக நாலின் இடத்தில் அடங்குகின்றன. நாற்பத்திரண்டையும் சரிசெய்துவிட்டேன். சனிக்கிழமை அரங்கத்துக்காரர் வந்து கேட்டுவிட்டுத்தான் உங்கள் இசையை மேடையேற்றுவதா வேண்டாமா என்று சொல்வார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் எழுதி முதன்முதலாக மேடைக்குப் போகும் இசை. அதைக் கெடுக்கப் பார்த்தேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. இனி உங்கள் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன், இது சத்தியம்.

மன்னிக்கும்படி கேட்க முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, என் போன்றவர்களின் உதவி இல்லாமல் நீடூழி வாழ்க.

தலைநிமிர முடியாத,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வாசிப்பவர்களுக்கு அனுப்புமுன் ஒருமுறை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பியானோ வரிக்கு மேல் அடைப்புப் போட்டு 11 என்று இருந்தது. அவசரத்தில் எழுதினீர்கள் போலும். மனுஷனுக்கு விரல் பத்துதானே, ஒன்றை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் அனுப்பியாயிற்று, கவலை வேண்டாம்.