ஒன்பதாவது உருண்டை

"மாமா, ஆர்டர் குடுத்த பையர் மெயில் போட்டிருக்கானுங்க. பனியன்ல இருந்து புளூட்டோவ எடுத்துரணுமாமாங்க."

மயில்சாமி முருகன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எடுக்கறதுன்னா?"

"அது இனிமே கிரகமே இல்லீன்னு பெரிய பெரிய ஆளுங்க கூடி முடிவு பண்ணீட்டாங்களாமா. நேத்துப் பேப்பர்லயே வந்துருச்சுங்க."

"கிரகத்தப் போயி வேலைய விட்டு எடுப்பாங்களா? அத்தன பீஸும் பிரிண்ட் ஆயிருச்சே?"

"ஆயிருச்சுங்க மாமா."

"சரிங்க சார்," என்றார் மயில்சாமி. "எடுங்க சார்."

செய்தி சொல்ல வந்த வேல்குமாருக்கு அந்த 'சார்' ஒன்றே போதுமாக இருந்தது. வேலம்பாளையத்தில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் முதலாளி மயில்சாமி அவனுடைய தாய்மாமன். சந்தோஷமாக இருந்தால் அவனை 'மாப்ள' என்பார். 'சார்' என்று கூப்பிட்டால், மகள் வினிதாவுக்கு வேறு மாப்பிள்ளை பார்க்கத் தரகரை வரச் சொல்லப்போகிறார் என்று பொருள். ஜெர்மனிக்குப் போகும் இந்தக் குழந்தைகள் பனியன் ஆர்டரை அவனிடம் ஒப்படைத்தபோதே தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இது ஒழுங்கா கண்டெய்னர் ஏறட்டும் மாப்ள. அப்பறம் வினிதாவப் பத்திப் பேசிக்கலாம்." வினிதா பேச்சையெல்லாம் எப்போதோ தாண்டி, முகூர்த்தப் புடவைக்கு நிறம்கூடத் தேர்ந்து வைத்திருந்தாள்.

வேல்குமார் செக்கிங் பகுதிக்கு ஓடினான். அங்கே பாண்டியம்மாள் வைத்ததுதான் சட்டம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறுகூட வெளியே போனதில்லை.

மேஜையில் ஒரு கறுப்புப் பனியனை விரித்தான். இடது ஓரத்தில் பெரிய மஞ்சள் சூரியன். அதில் தொடங்கி நெஞ்சுக்குக் குறுக்கே கலர் கலராக ஒன்பது உருண்டைகள். பிரிண்ட் வந்த அன்றே ஒன்பதும் இருக்கிறதா என்று அவனே எண்ணிப் பார்த்துத்தான் சரி சொல்லியிருந்தான்.

"கடைசீல நீலமா இருக்குது பாருங்க, அத எடுக்கணும்."

"எடுக்கிறதுதான் எடுக்குறீக, சனிய எடுக்கப்படாதா தம்பி?" என்றாள் பாண்டியம்மாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஏழரை நடக்கு. புண்ணியமாப் போகும்."

"சனி இன்னும் வேலைலதானுங்க இருக்குது. போனது புளூட்டோ."

"இதா புளூட்டோ? சின்னூண்டுன்னுல்ல பேப்பர்ல போட்டிருந்தான். இது எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கே?"

"பனியன்ல அப்படித்தானுங்க தெரியும்."

சொன்னது அவனுக்கே சரியாகப் படவில்லை. ஆனால் அதை யோசித்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை.

அச்சடித்துக் கொடுத்த ஆறுமுகசாமியைக் கேட்டால் வழி சொல்லியிருப்பார். அவரோ பழனிக்கு மொட்டை போடப் போயிருந்தார். செல்போனையும் அணைத்து வைத்திருந்தார். ஆகவே வேல்குமார் தன் மூளையையே நம்பினான்.

முதலில் கறை எடுக்கிற மருந்தை அடித்துப் பார்த்தார்கள். கிரகம் போகவில்லை, துணி போயிற்று. விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"நல்லாருக்குதுங்க சார்," என்றார் மயில்சாமி, அந்த ஓட்டை வழியாகவே அவனைப் பார்த்து. "காத்தோட்டமா இருக்கும்."

அடுத்து, கறுப்புத் துணிதானே, மேலே கறுப்பு வண்ணத்தை அடித்து மறைத்துவிடலாம் என்று நினைத்தான். துணியின் கறுப்பு ஒரு ஜாதி, வண்ணத்தின் கறுப்பு வேறு ஜாதி. காய்ந்த பிறகு பார்த்தால், குழந்தை தார் டப்பாவைக் கட்டிப்பிடித்து விளையாடியது போல் இருந்தது. போதாததற்கு, ஈரம் காய்வதற்குள் அடுக்கியதால் மேல் பனியன் கீழ்ப் பனியனோடு ஒட்டிக்கொண்டது. பாண்டியம்மாள் இரண்டையும் பிடித்துப் பிய்த்தபோது சூரியனும் பாதி உரிந்து வந்தது.

"ஒண்ண எடுக்கச் சொன்னாக. நீங்க குடும்பத்தையே காலி பண்ணுறீகளே தம்பி," என்றாள்.

நல்லவேளை, சில பனியன்களோடு போயிற்று. உயிர் போகிற நேரத்தில்தான் வேல்குமாருக்கு அந்த யோசனை வந்தது: எம்பிராய்டரி போட்ட குட்டி ராக்கெட் ஒன்றை அந்த உருண்டையின் மேல் வைத்துத் தைத்துவிட்டால் என்ன? பையருக்கு எழுதிக் கேட்டான். தாராளமாகச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. கம்பெனி முழுவதும் உட்கார்ந்து ராக்கெட் தைத்தது. மானேஜர்கூட ஊசி பிடித்தார்.

மயில்சாமி ஒரு பனியனை எடுத்துத் தன் தொப்பைமேல் வைத்துப் பார்த்தார். "முன்னைக்கு இப்பத்தான் லட்சணமா இருக்குது மாப்ள."

மாப்ள! வேல்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே வினிதாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தான்.

மறுநாள் பையரின் சார்பில் தரம் பார்க்க, பையிங் ஆபீசிலிருந்து சித்ராதேவி வந்தாள். ஒரு பனியனை விரித்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ்... நெப்டியூன் எங்கீங்க?"

"எட்டும் இருக்குதுங்களே மேடம்," என்றான் வேல்குமார்.

"சூரியனச் சேத்து எண்றீங்க. அது கிரகமில்லீங்க, நட்சத்திரம்." ராக்கெட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீங்க மறைச்சது நெப்டியூன்."

"அப்ப புளூட்டோ?"

"அதைத்தான் நானும் தேடறேன்." பையர் கொடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் சூரியனோடு சேர்த்துப் பத்து உருண்டைகள் இருந்தன. கடைசியில் சின்னதாக ஒன்று. "உங்க பிரிண்ட்ல அது மொதல்ல இருந்தே இல்லீங்க. நீங்க கையே வெக்காம விட்டிருந்தா, பையர் கேட்ட மாதிரி கரெக்டா இருந்திருக்கும்."

வேல்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை ராக்கெட்டையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஊசித் தடம் தெரியும். ஊசித் தடத்துக்குள் நெப்டியூன் இருக்கும். தன் கல்யாணம் மட்டும் இருக்காது.

மயில்சாமி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"படத்துல பத்து இருந்திருக்குது, பனியன்ல ஒம்பதுதான் வந்திருக்குது. எவனோ ஒருத்தன் நடுவால பூந்து ஒண்ணத் தூக்கியிருக்கறான்! அவன் ஆருன்னு எனக்குத் தெரியோணும். தெரிஞ்ச நிமிசத்துல இருந்து அவன் இந்தக் கம்பெனி வாசப்படிய மிதிக்கப்படாது. அது என்ற சொந்த அக்கா மகனா இருந்தாலுஞ் சரி!"

அந்த நேரம் பார்த்து, மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்த டப்பாவுமாக உள்ளே வந்த ஆறுமுகசாமி, விஷயத்தைக் கேட்டுவிட்டு மயில்சாமியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏனுங்க மொதலாளி, அன்னிக்குப் படத்தக் கொண்டாந்து காட்டுனப்ப, 'சூரியனோட சேத்துப் பத்து வருதே, நவக்கிரகத்துல ஏதப்பா பத்து, அந்தக் கடைசிச் சுண்டக்காயத் தூக்கிப் போடு'ன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"